அரை விரல் சாய்வு

கதை என்றால் ஓர் ஊரில் ஆரம்பிக்க வேண்டும். இந்தக் கதையின் குருவுக்கு ஊர் இல்லை, வண்டிதான் இருந்தது. ஆகவே வண்டியில் ஆரம்பிக்கலாம்.

சினிமாக்காரர்கள் படப்பிடிப்புக்குக் கொண்டுபோவார்களே, உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்த கேரவன், அந்த மாதிரி வண்டி. ஒரு காலத்தில் பெரிய பெரிய நடிகர்கள் அதில் படுத்துத் தூங்கினார்கள். ஓட்டியவர் தெய்வானை என்ற பெண்மணி. கம்பெனி மூடிப்போயிற்று. நடிகர்கள் புது வண்டிகளுக்கு மாறிக்கொண்டார்கள். பழைய வண்டிக்குத் தெய்வானையும், தெய்வானைக்குப் பழைய வண்டியும் மிஞ்சின.

அதன்பிறகு அவர் எந்த ஊரில் நிறுத்தினாலும் நாலு பேர் வந்து வண்டிப் படியோரம் உட்கார்ந்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. அந்த அம்மாவிடம் மனசில் இருப்பதைக் கேட்டுவிட்டுப் போனால் நல்ல தூக்கம் வருகிறது என்றார்கள். வண்டியம்மா என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

வண்டியம்மாவுக்கு ஒரே ஒரு சீடர். ஏகாம்பரம் மேஸ்திரி. குருவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், தலையில் கறுப்பு முடி ஒன்றுகூடக் கிடையாது. வாழ்நாளெல்லாம் வீடுகளுக்குத் தளம் போட்டவர். அவர் போட்ட தளத்தில் தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அது அப்படியே நிற்கும் என்று ஊருக்குள் பேச்சு. குளியலறையிலும் அப்படியே நிற்கிறது என்று சிலர் குறைப்பட்டார்கள். அதை மேஸ்திரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் சீடரானது ஒரு கேள்வியால்.

அன்று எல்லோரும் எழுந்து போன பிறகும் அவர் படியோரம் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள், தளம் சமமா என்று குமிழியால் காட்டும் அவருடைய ரசமட்டம். தொழிலை விட்ட பிறகும் அதை அவர் விடவில்லை.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க தாயி," என்றார். "சம்சாரம் போனதும் வீட்டை ரெண்டாப் பிரிச்சேன். நூல் புடிச்சு, மட்டம் வச்சு, நடுவுல செவுரு எழுப்பினேன். ஒரு செங்கல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகல."

"அப்புறம்?"

"சமையல்கட்டு பெரியவ பக்கம் போயிடுச்சுன்னு சின்னவ மொகத்தத் தூக்கினா. சின்னவளுக்குத் தனியா ஒண்ணு கட்டினேன். அது புதுசாச்சே, என்னுது பழசுதானேன்னா பெரியவ. அதை இடிச்சுப் புதுசாக் கட்டினேன். உடனே சின்னவ, கெணறு அவ பக்கம்தானேன்னா."

"கிணறும் தோண்டினீங்களா?"

"தோண்டினேன்."

வண்டியம்மா சிரிக்கவில்லை. "இப்ப?" என்று கேட்டார்.

"வீடு பூட்டிக் கெடக்குது. ஆளுக்கொரு ஊர்ல இருக்காங்க. ஒருத்தி மொகத்தை ஒருத்தி பார்க்கிறதில்ல. நான் கூட்டிக் குறைச்சு எதுவும் பண்ணல தாயி. சமமாத்தான் பண்ணேன். எங்க தப்பாச்சு?"

வண்டியம்மா வெகுநேரம் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிமெண்டு தின்ற கைகள்.

"ரொம்ப அசந்து போயிருக்கீங்க மேஸ்திரி," என்றார். "ஏறிக்குங்க."

பதில் அவ்வளவுதான். மேஸ்திரி அதை உபதேசமாக எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். ஏறி மூன்று வருஷம் ஆயிற்று.

வண்டியை எங்கே நிறுத்தினாலும் முதல் வேலை கால் ஊன்றுவது. வண்டியின் அடியில் நான்கு மூலைக்கு நான்கு இரும்புக் கால்கள் சுருங்கிக் கிடக்கும். ஓட்டுநர் இருக்கையோரம் அவற்றுக்கு நான்கு சுவிட்ச். அழுத்தினால் எங்கோ ஒரு மோட்டார் முனகும், குழாய்களில் எண்ணெய் ஓடும், கால் மெல்ல நீண்டு தரையில் பதியும். மேடும் பள்ளமுமான தரையில் நிற்கிற வண்டி, உள்ளே மட்டும் சமமாகிவிடும்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. மணலைக் கொட்டி, ஜல்லியைக் கொட்டி, முதுகு ஒடியக் குனிந்து அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலையை ஒரு விரல் செய்துகொண்டிருந்தது. அரைத் தூக்கத்தில் இருக்கிற ஆளைத் தோளில் கைவைத்து எழுப்பி உட்காரவைப்பதுபோல வண்டி மெதுவாக எழுந்து உட்கார்ந்தது. கடவுள் தளம் போட்டால் இப்படித்தான் போடுவார் என்று அவருக்குத் தோன்றியது.

கால் ஊன்றுவதற்கு முன்னால் வண்டியம்மா ஒரு காரியம் செய்வார். வண்டிக்குள் இருப்பவர்களை எல்லாம் இறக்கிவிடுவார். பிறகு வெறுங்காலோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் நின்று, குனிந்து, தலையைத் தாழ்த்துவார். நிமிர்ந்து ஒரு தடவை மேலே பார்ப்பார். அடுத்த சக்கரத்துக்குப் போவார்.

மேஸ்திரி அதைப் பார்த்தார். குரு வலம் வருகிறார், ஒவ்வொரு மூலையிலும் வணங்குகிறார், வானத்தைப் பார்த்து ஏதோ வேண்டிக்கொள்கிறார் என்று புரிந்துகொண்டார். மறுநாளிலிருந்து அவரும் பின்னாலேயே சுற்றினார். கைகளைக் கூப்பிக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு, சக்கரம் வரும் இடத்தில் உத்தேசமாக ஒரு கும்பிடு போட்டுக்கொண்டு. இரண்டு தடவை பக்கக் கண்ணாடியில் இடித்துக்கொண்டார். பக்தியில் அதெல்லாம் வலிக்கவில்லை.

வண்டியம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் சுற்றி முடித்ததும் கேட்டார்.

"என்ன பார்த்தீங்க மேஸ்திரி?"

மேஸ்திரிக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

"நீலமா ஒரு வெளிச்சம் தெரிஞ்சுது தாயி."

"ஆடு தெரிஞ்சுதா?"

"எந்த ஆடு?"

வண்டியம்மா குனிந்து காட்டினார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், இரும்புக் கால் இறங்கும் இடத்துக்கு நேர் கீழே, ஒரு வெள்ளாடு நிழலுக்குப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மேஸ்திரி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து ஒழுங்காகக் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தார். ஆடு இல்லை என்று தெரிந்ததும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போனார். மற்றவற்றை எல்லாம் வண்டியம்மாதான் பார்த்துக்கொண்டார். மண் இளகியிருக்கிறதா, மேலே கிளை தட்டுமா, குழாயில் எண்ணெய் கசிகிறதா என்று. கசிவு இருக்கும்போல் தெரிந்தால் ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பார். கையை மட்டும் வைக்கமாட்டார். அந்த எண்ணெய் வருகிற வேகத்தில் ஊசிபோலத் தோலுக்குள் இறங்கிவிடும் என்பார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, மழைக்காலம் தொடங்கிய சமயம், மேஸ்திரி தன் மகள்கள் இருவரையும் வரச்சொன்னார். ஆளுக்கொரு தடவை போனில் பேசினார். மூன்று வருஷமாக அப்பாவைப் பார்க்கவில்லை என்பதால் இருவரும் சரி என்றார்கள்.

"அவ வந்தா வரட்டும். நான் ஒரு ராத்திரிதான் இருப்பேன்," என்றாள் பெரியவள் பூங்கோதை.

"அவ இருக்காளேன்னு நான் வராம இருக்க முடியுமா. ஒரு ராத்திரிதான்," என்றாள் சின்னவள் அரசி.

சொன்ன வார்த்தையில்கூடச் சமமாகத்தான் இருந்தார்கள்.

மேஸ்திரிக்கு அந்த ஒரு ராத்திரிதான் எல்லாமும். இந்தத் தடவை ஏதாவது கூடக்குறைய ஆகிவிட்டால், இருவரும் விடிந்ததும் ஆளுக்கொரு பஸ்ஸில் போய்விடுவார்கள். அப்புறம் அவர்களை ஒரே இடத்தில் பார்க்கத் தன் ஆயுசு போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் இரண்டு தலையணையும் ஒரே உயரமா என்று பார்த்தார். இரண்டு டம்ளரும் ஒரே அளவா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். போர்வையில் ஒன்று வெளுத்திருந்தது. இரண்டையும் துவைத்து, வெளுத்தது எது என்று தனக்கே தெரியாதபடி மடித்துவைத்தார்.

மகள்கள் வருகிற அன்று காலை வண்டி ஜவ்வாது மலையில் ஏறியது. சாமை விளைந்த கொல்லைகளைத் தாண்டி, ஒரு புல்வெளிச் சரிவில் வண்டியம்மா நிறுத்தினார். முன்பக்கம் பள்ளத்தைப் பார்த்து, பின்பக்கம் மேட்டில்.

மலை முழுக்கப் பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் இருந்த பலாமரம் இருப்பதும் இல்லாததுமாக இருந்தது. எங்கோ ஒரு மாட்டு மணி கேட்டது. மாடு தெரியவில்லை. உச்சிப் பொழுதா விடியலா என்று சொல்லமுடியாத ஒரு வெளிச்சம். மேஸ்திரிக்குத் தன் குரலே வேறு யாருடையதோபோல் கேட்டது.

"திருப்பி நிறுத்தினா பின் ஜன்னல்ல பள்ளத்தாக்கு தெரியுமே தாயி. புள்ளைங்க பார்க்கும்."

"பின் சக்கரம்தான் பிரேக் பிடிச்சுக்கிட்டு நிக்குது," என்றார் வண்டியம்மா. "அது தரையை விட்டு எழும்பக் கூடாது, மேட்டுல இருக்கட்டும். தாழ இருக்கற முன்பக்கத்தைத் தூக்கிக்கலாம்."

அவர் தன் நீண்ட மூங்கில் கோலால் புல்லைக் குத்திக் குத்திப் பார்த்தார். ஓர் இடத்தில் கோல் உள்ளே போயிற்று. வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தார். இரும்புக் கால் இறங்கும் இடங்களில் அகலமான பலகைகளைப் போட்டார். சுற்றி வந்தார். மேஸ்திரியும் பின்னால் வந்து ஆடு இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

பிறகு முன்கால்கள் இரண்டும் இறங்கின. வண்டியின் மூக்கு எழுந்தது. வலப்பக்கம் தாழ்ந்திருந்ததால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். பின்கால்களைத் தரையில் பதியும் அளவுக்கு மட்டும் இறக்கினார். உள்ளே மேஜையில் இருந்த டம்ளர்த் தண்ணீரை ஒரு தடவை பார்த்தார்.

"போதும்," என்றார்.

குடத்தை எடுத்துக்கொண்டு, கோலை ஊன்றிக்கொண்டு, சுனையைத் தேடிப் பனிக்குள் இறங்கிப் போனார். நாலு எட்டு வைத்ததும் மறைந்துவிட்டார். போகும்போது சொன்னது மட்டும் காதில் நின்றது.

"சுவிட்சைத் தொடாதீங்க மேஸ்திரி."

தொடவேண்டும் என்று மேஸ்திரி நினைக்கவே இல்லை. கட்டில்களைச் சரிபார்க்கத்தான் போனார். வண்டியின் பின்பகுதியில் இடதுபுறம் ஒரு கட்டில், வலதுபுறம் ஒரு கட்டில், நடுவில் நடைபாதை. பெரியவள் இடது, சின்னவள் வலது என்று அவர் முடிவு செய்திருந்தார். துணிப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். நடுவில் தரையில் வைத்தார்.

குமிழி கோட்டைத் தாண்டி இடதுபக்கம் ஏறி நின்றது.

அரை விரல் சாய்வு. பெரியவள் கட்டில் அரை விரல் உயரம்.

வேறு யாராக இருந்தாலும் அதன்மேல் படுத்துத் தூங்கியிருப்பார்கள். மேஸ்திரி ரசமட்டத்தைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தார், அதே அரை விரல். சின்னவள் உள்ளே வருவாள், உட்காருவாள், உட்கார்ந்ததுமே தெரிந்துகொள்வாள், இங்கேயும் அவள்தான் மேலே என்பாள். அந்த முகம் இப்போதே அவர் கண்முன் வந்துவிட்டது.

ஒரே ஓர் அழுத்து. வலது பின்கால். மோட்டார் முனகியது.

போய்ப் பார்த்தார். குமிழி நடுவுக்கு வந்திருந்தது. ஆனால் ரசமட்டத்தை வண்டியின் நீளவாக்கில் திருப்பி வைத்தால் பின்பக்கம் உயர்ந்திருந்தது. அதனால் முன்பக்கத்தை ஏற்றினார். இப்போது இடதுபக்கம் தாழ்ந்தது. இடதை ஏற்றினார். வலது மறுபடி குறைந்தது. இறக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றவே இல்லை. குறைந்த பக்கத்தை ஏற்றித்தான் அவருக்குப் பழக்கம். சுவிட்சுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். ஒவ்வொரு மூலையாக, கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

ஜன்னலுக்கு வெளியே பனி மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பனி இறங்குகிறதா தான் ஏறுகிறோமா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தரை என்று ஒன்று எங்கேயும் தென்படவில்லை. வண்டி ஒரு தோணியாகி எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது. வலதுபக்கக் கட்டிலின் விளிம்பில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பதுபோலவும் இருந்தது. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, போட்ட தளத்தை அவர் மறுபடி மறுபடி தேய்க்கும்போதெல்லாம் சொல்வாளே, அதைச் சொன்னாள்.

"போதுங்க."

"இந்த ஒண்ணுதான்," என்றார் மேஸ்திரி.

கடைசியாகக் குமிழி வந்து இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் நின்றது. நேராக வைத்தாலும் குறுக்கே வைத்தாலும் அசையவில்லை. மேஸ்திரி தரையில் உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் இவ்வளவு சமமான தளத்தை அவர் பார்த்ததில்லை. இரண்டு கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"மேஸ்திரி."

வெளியே வண்டியம்மாவின் குரல். எப்போதையும்விட மெதுவாக இருந்தது.

"எழுந்து வாங்க. மெல்ல. குதிக்காம இறங்குங்க."

படியில் கால் வைத்தபோதுதான் மேஸ்திரிக்குத் தரை வெகு கீழே இருப்பது தெரிந்தது. தொங்கி இறங்கினார். வண்டியம்மா குடத்தைப் புல்லில் வைத்துவிட்டு மேட்டுப் பக்கமாகத் தள்ளி நின்றிருந்தார். அவரையும் அங்கே வரச்சொன்னார்.

"மட்டம் வந்துடுச்சு தாயி. பூரணமா வந்துடுச்சு."

"இப்படியே எட்ட நின்னு ஒரு சுத்து வாங்க. கண்ணைத் திறந்துக்கிட்டு."

மேஸ்திரி சுற்றினார். முதல் சக்கரத்தைப் பார்த்தார். ஆடு இல்லை. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் பனி போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறியது. அடுத்த சக்கரத்தின் கீழேயும் அப்படியே. வண்டியின் பாரத்தில் நசுங்கிக் கிடந்த புல் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. முட்டுக்கட்டைகள் எதையும் முட்டாமல் சும்மா கிடந்தன. வலது பின்காலின் கீழே பலகை ஒரு பக்கமாகச் சரிந்து, மண்ணுக்குள் பாதி இறங்கியிருந்தது.

சுற்றி வந்து நின்றார்.

வண்டியம்மா மேட்டில் நின்றபடியே மூங்கில் கோலை நீட்டினார். அதன் நுனியால் வண்டியின் பின்பக்கத்தை லேசாகத் தொட்டார். நாலு பேர் படுத்து உறங்கும் அவ்வளவு பெரிய வண்டி தொட்டில்போல ஆடியது.

மேஸ்திரி ஓர் எட்டு பின்வாங்கினார். வண்டியம்மா பார்க்காமல் விட்டிருந்தால் பூங்கோதையும் அரசியும் உள்ளே வந்து ஆளுக்கொரு கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள். இல்லை, ஒருத்தி முதலில் ஏறியிருப்பாள். அந்த ஒரு காலடி போதும்.

"நான் ஏறி இறக்கிடறேன் தாயி. நான் பண்ணது."

"உங்களுக்கு எதை முதல்ல இறக்கணும்னு தெரியுமா?"

மேஸ்திரி நான்கு இரும்புக் கால்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இங்கயே நில்லுங்க," என்று சொல்லிவிட்டு வண்டியம்மா போனார். கதவைப் பிடித்து, மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காமல், தன்னை உள்ளே ஏற்றிக்கொண்டார். வண்டி ஒரு தடவை அசைந்து நின்றது.

மேஸ்திரியின் கைகள் தானாகக் கூப்பிக்கொண்டன. கண்களை மட்டும் அவர் மூடவில்லை. மூடப் பயமாக இருந்தது. முனகல் கேட்டது. பின்பக்கம்தான் முதலில் இறங்கியது. மயிரிழை மயிரிழையாக. சக்கரத்துக்கும் புல்லுக்கும் நடுவே இருந்த பனி மெலிந்து மெலிந்து வந்தது. நிமிர்ந்த புல் மறுபடி வளைந்தது. டயர் தரையைத் தொட்டது. தொட்டு, பாரம் ஏறி, அடிப்பக்கம் உப்பி உட்கார்ந்தது. முட்டுக்கட்டை ஒன்று கிறீச்சென்றது.

இரண்டு பின்சக்கரங்களும் பதிந்த பிறகே முன்பக்கம் இறங்கியது. வண்டியம்மா இறங்கி வந்தபோது அந்தக் குளிரிலும் அவர் நெற்றியில் வியர்வை இருந்தது. இளகிய மண்ணிலிருந்த பலகையை எடுத்து வேறு இடத்தில் போட்டார். இருவருமாகச் சேர்ந்து முட்டுக்கட்டைகளை இறுக்கினார்கள். திரும்பவும் கால் ஊன்றினார்கள், தேவையான அளவுக்கு.

வண்டியம்மா மறுபடி கோலை நீட்டித் தொட்டார். வண்டி அசையவில்லை.

மேஸ்திரி உள்ளே போய் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"பெரியவ கட்டில் ஒசந்துதான் இருக்கு தாயி."

"ஆமா."

"சின்னவ கண்டுபிடிச்சிருவா."

"கண்டுபிடிக்கட்டும்."

வண்டியம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார். மேஸ்திரி ரசமட்டத்தைப் பைக்குள் போட்டு வாயைக் கட்டினார்.

மகள்கள் பிற்பகலில் வந்தார்கள். மலைக்கு வரும் ஒரே ஜீப்பில்தான் இருவரும் வந்திருக்கவேண்டும். ஆனால் பனிக்குள்ளிருந்து ஒருத்தி முன்னாலும், கூப்பிடு தூரத்தில் இன்னொருத்தி பின்னாலுமாக வெளிப்பட்டார்கள். இருவருக்கும் முகம் வெளிறியிருந்தது. மலைப்பாதை வளைவு அப்படி.

"நல்லா இருக்கீங்களாப்பா," என்றாள் பூங்கோதை.

"நல்லா இருக்கீங்களாப்பா," என்றாள் அரசி.

ஏறினார்கள். காட்டிய கட்டிலில் உட்கார்ந்தார்கள். பூங்கோதை தன் ஜன்னல் வழியே பார்த்தாள். அரசி தன் ஜன்னல் வழியே பார்த்தாள். இரண்டு ஜன்னலிலும் பனியைத் தவிர ஒன்றுமில்லை. வண்டியம்மா இரண்டு டம்ளரில் காபி கொடுத்துவிட்டு வெளியே போய் ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரி வண்டிப் படியில், உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

இரண்டு டம்ளர் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

பிறகு ஏதோ உருளும் சத்தம். மெதுவாக, தரையில்.

மேஸ்திரி தலையைக் கொஞ்சமாகத் திருப்பினார். ஓர் எலுமிச்சம்பழம். மலை ஏறும்போது குமட்டலுக்கு முகர்ந்துகொள்ள எல்லோரும் கையில் வைத்திருப்பார்களே, அது. பூங்கோதையின் மடியிலிருந்து நழுவி விழுந்து, நடைபாதையைக் கடந்து, அவசரமே இல்லாமல் உருண்டுபோய் அரசியின் கால்விரலில் இடித்து நின்றது.

அரசி அதைப் பார்த்தாள். குனிந்து எடுத்தாள். தரையில் வைத்து அக்கா பக்கம் தள்ளிவிட்டாள். பழம் பாதி தூரம் போயிற்று. நின்றது. யோசித்தது. திரும்பி அரசியிடமே வந்தது.

மறுபடி தள்ளினாள், பலமாக. அக்காவின் கால்வரை போய்த் தொட்டுவிட்டு மறுபடியும் வந்தது.

மேஸ்திரி படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தார். முடிந்தது என்று நினைத்தார்.

"வச்சுக்கயேன்," என்றாள் பூங்கோதை, ஜன்னலைப் பார்த்தபடியே.

"உனக்கு?"

"எனக்கு ஏறி வந்துட்டாப் போதும். சின்னதுல இருந்து வளைவுன்னா உனக்குத்தான் ஆகாது."

அரசி பழத்தை மூக்கருகில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்.

"அக்கா. உன் பக்கம் ஒசரமா இருக்கு."

"அப்படியா?" பூங்கோதை குனிந்து தரையைப் பார்த்தாள். "ஆமாண்டி. மாத்திக்கலாமா?"

"வேணாம். நீ எதைப் போட்டாலும் என்கிட்டதான வருது. எனக்கென்ன."

பிறகு பூங்கோதை குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"நம்ம அப்பாவாடி இதை இப்படி விட்டு வச்சிருக்காரு?"

அரசி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பூங்கோதையும் சிரித்தாள். அம்மா உயிரோடிருந்தபோது அடுக்களையில் மூன்று பேரும் சேர்ந்து அவரைப்பற்றிச் சிரிப்பார்களே, அதே சிரிப்பு. குளியலறையில் தண்ணீர் நிற்பதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"பையை இப்படித் தள்ளு," என்றாள் அரசி. "நீ கீழ உக்காரு. நானும் கீழ உக்காந்துக்கறேன்."

மேஸ்திரி எழுந்தார். அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நடந்துபோய்ப் பாறைக்குப் பக்கத்தில், புல்லில் உட்கார்ந்தார். வண்டியம்மா அவரைப் பார்க்கவில்லை. பனி கலைந்து, தூரத்தில் சாமைக் கொல்லைகள் கொஞ்சம் தெரிவதும் மறைவதுமாக இருந்தன.

"தாயி."

"சொல்லுங்க."

"அன்னிக்கு ஒண்ணு கேட்டேன். வண்டில ஏறின அன்னிக்கு."

"ஞாபகம் இருக்கு."

மேஸ்திரி காத்திருந்தார். வண்டிக்குள்ளிருந்து இரண்டு குரல்கள் மாறி மாறிக் கேட்டன. எது பெரியவளுடையது, எது சின்னவளுடையது என்று இங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வண்டியம்மா வானத்தைப் பார்த்தார்.

"மழை வரும்போல இருக்கு," என்றார். "மண்ணு இளகும்."

"சாய்வு இன்னும் கூடிடுமே தாயி. மட்டம்?"

"அதை அவங்க பார்த்துக்குவாங்க. நீங்க போய், சக்கரம் தரையில இருக்கான்னு பாருங்க."

மேஸ்திரி எழுந்தார். கைகளைக் கூப்பவில்லை. முதல் சக்கரத்தருகே குனிந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.